ஆறு இதயப் பக்கம்

வெர்னுவா,
சோன் ஆற்றங்கரை.
ஏப்ரல் விடுமுறை, செவ்வாய் மதியம்.

அன்புள்ள பாஸ்தியான் அண்ணாவுக்கு,

உன் தங்கை ஸெலி எழுதுவது. 'நலம்' என்று தொடங்கினால் பொய். 'நலமறிய ஆவல்' என்று எழுதினால் பதில் வராது. நீ ஏறியிருக்கும் நீர்மூழ்கி எந்தக் கடலின் எந்த மூலையில் கிடக்கிறது என்று உன் கேப்டனின் மனைவிக்கே தெரியாதாம். அதனால் வெறும் வணக்கம்.

இது வாரா வாரம் நாங்கள் உனக்கு அனுப்பும் நாற்பது சொல் செய்தி இல்லை. அந்தச் செய்தியில் கெட்டது ஏதாவது இருந்தால் கடற்படை அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து வெட்டிவிடுவார். கடலுக்கடியில் இருப்பவன் மனம் கலங்கினால் கப்பலே கலங்கிவிடுமாம். இது உறையில் போட்டு ஒட்டிய கடிதம். நீ கரையேறும் நாளில்தான் உன் கைக்கு வரும். இதை வெட்ட யாரும் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

அப்பாவைக் காணவில்லை.

எழுதினால் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

காலையில் நான் எழுந்தபோது அவர் சைக்கிளில் கிளம்பிப் போயிருந்தார். விடுமுறை நாளில் நான் எழும் நேரம் உனக்குத் தெரியும். அதைக் காலை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். சமையலறை போன் விடாமல் அடித்தது. மொந்த்ரே ஊரில் காபிக்கடை வைத்திருக்கிறாளே, ஒதில் அக்கா, அவள்தான். "ஏன்டி ஸெலி, இன்னிக்கி பார்சல் வரலையே. நீங்க அனுப்பலையா?" என்றாள். பார்சல் என்றால் அப்பா.

அப்பாவின் கைபேசிக்கு அடித்தோம். ரொட்டி டப்பாவுக்குள்ளிருந்து மணி கேட்டது. டப்பாவில் இருந்த ரொட்டித் துண்டு அவருடைய சட்டைப் பையில் போயிருக்கிறது. "அப்போ ரொட்டிக்கு அடிச்சுப் பார்ப்போமா?" என்று அம்மாவிடம் கேட்டேன். வழக்கமாக இதற்கு ஓர் அறை கிடைக்கும். இன்றைக்குக் கிடைக்கவில்லை. அம்மா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போலீஸ்காரர் மெர்க்காதியே வந்தார். வந்து ஐந்தாறு கேள்வி கேட்டுவிட்டு, "வடக்க போயிருக்க முடியாது. முதல் பாலத்தைத் தாண்டினதும் பாதையை அடைச்சு தார் வேலை நடக்குது. வேலை செய்யற ஆளுங்களைக் கேட்டாச்சு. காலையிலேர்ந்து ஒரு சைக்கிள்கூட வரலையாம். தெக்கதான் போயிருக்கணும்" என்றார். அம்மாவைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு தெற்கே போயிருக்கிறார். கிளம்பும்போது, தண்ணீரில் இறங்கித் தேடுகிறவர்களுக்கும் சொல்லியனுப்பிவிட்டதாக அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். தாழ்ந்த குரலைக் கேட்பதற்கென்றே செய்யப்பட்டவை என் காதுகள்.

என்னிடம் உரத்த குரலில் பேசினார். "ஒருத்தர் வீட்ல இருக்கணும். அவர் தானா வந்து நின்னா பார்க்க ஆள் வேணும். நீ நகரக் கூடாது. ஒரு வேலையும் பண்ணக் கூடாது. புரியுதா?" "மூச்சு விடலாமா?" என்று கேட்டேன். வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆகவே சமையலறை மேசையில் உட்கார்ந்து மூச்சுவிட்டுக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். ஜன்னல் வழியாகத் தோட்டக் கதவும் அதற்கு அப்பால் ஆற்றோரப் பாதையும் தெரிகின்றன. யாரும் இல்லை. ஒரு வாத்து இருக்கிறது. அதற்கு ஒன்றும் தெரியாது.

நீ கப்பலேறியபோது அப்பா சாவியைத்தான் தொலைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பள்ளிக்கூட பஸ்ஸை ஒருநாள் மொத்தப் பிள்ளைகளோடும் பழைய மில் வாசலில் நிறுத்திவிட்டு, அடுத்து எங்கே போக வேண்டும் என்று முதல் வரிசைக் குழந்தையிடம் கேட்டார். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துக் கை தட்டினார்கள். மறுநாள் பஸ்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். இந்த வட்டாரத்துக் குழந்தை ஒவ்வொன்றையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்ட மனிதருக்குத் தன் வீட்டு வாசல் தட்டுப்படவில்லை. இதை நாற்பது சொல்லில் எப்படி எழுதுவது? 'அப்பா ஓய்வு பெற்றார்' என்று எழுதினேன். நீயும் சந்தோஷப்பட்டிருப்பாய்.

ஆனால் கால்கள் எதையும் மறக்கவில்லை, அண்ணா. சைக்கிளில் ஏற்றிவிட்டால் அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் மிதித்துப் போன அதே பழைய ரெஜிஸ்தான். மருத்துவர், "மிதிக்கட்டும். கார் இல்லாத இடமா பார்த்து மிதிக்கட்டும். அதை நிறுத்தினீங்கன்னா ஆளே நின்னுடுவாரு" என்றார். கார் இல்லாத இடத்துக்கு எங்கே போவது, அதுதான் நம் கொல்லைப்புறமே ஆயிற்றே. ஆற்றோரப் பாதை. நம் பள்ளத்தாக்கில் மேடு என்று சொன்னால் பள்ளிக்கூட வாசலில் இருக்கும் வேகத்தடை ஒன்றுதான். மிதிக்க மிதிக்கப் போய்க்கொண்டே இருக்கலாம்.

போவது சுலபம். திரும்புவதுதான் அவருக்கு வரவில்லை. பாதி வழியில் நின்றுவிடுவார். எந்தப் பக்கம் வீடு? ஆற்றைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று சோன் ஆற்றுக்கே சந்தேகம். இரண்டு பக்கமும் ஒரே பாப்ளர் மரம், ஒரே புல், ஒரே மாடு. அதனால் நான் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன். கணக்கில் நான் வாங்கும் எண்களை வைத்துச் சிரிக்காதே, இது நல்ல சூத்திரம்.

நம் கரையில் வடக்கே போகும்போது ஆறு வலது கைப்பக்கம் இருக்கும். திரும்பும்போது இடது கைப்பக்கம். இடது என்றால் இதயம். "அப்பா, ஆறு இதயப் பக்கம் இருந்தா வீட்டுக்கு வர்றீங்க. இல்லைன்னா வீட்டை விட்டுப் போறீங்க. அவ்வளவுதான்" என்று சொல்லிக் கொடுத்தேன். கைப்பிடியின் இடது முனையில் சிவப்புத் துணி சுற்றினேன். ஒரு மாதம் தினமும் கூடவே மிதித்து, நூறு தடவை கேட்டு, நூறு தடவை சொல்ல வைத்தேன். அவருடைய மூளையில் எதுவும் ஒட்டாத காலத்தில் இது ஒட்டிக்கொண்டது. என் பெயரைத் தேடும் நாளில்கூடச் சூத்திரத்தைத் தேடுவதில்லை.

வீடு வந்துவிட்டது என்று தெரிவதற்குக் குள்ளன். பக்கத்து வீட்டு பெர்னோ தாத்தாவின் தோட்டத்திலிருந்து ஒரு சிவப்புத் தொப்பிக் குள்ளப் பொம்மையை விடுதலை செய்து (திருட்டு என்று நீ சொல்வாய்) நம் கதவருகே கல்தூணின் மேல் உட்கார வைத்தேன். அப்பா அவனைப் பார்த்ததும் பிரேக் பிடிப்பார். தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே வருவார். பெர்னோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அவன் அங்க இருந்தா எனக்குப் புல்லு வெட்ட வசதி" என்று மட்டும் சொன்னார்.

ஆக ஏற்பாடு இது. அப்பா வடக்கே மிதித்து மொந்த்ரே போவார். ஒதில் அக்கா காபி கொடுப்பாள். அவர் குடிக்கும்போது சைக்கிளின் மூக்கைத் தெற்கே திருப்பி வைப்பாள். நமக்குப் போன் போட்டு, "பார்சல் திருப்பி அனுப்பியாச்சு" என்பாள். ஆறு இதயப் பக்கம், குள்ளன், சாப்பாடு. பனிக்காலம் முழுவதும் ஒருநாள்கூடத் தவறவில்லை.

உனக்குப் புரிவதற்குப் படம் போடுகிறேன். நடுவில் கோடு, ஆறு. இடது ஓரம் நம் கரை. கீழே குள்ளன். (தொப்பி பெரிதாகிவிட்டது.) மேலே ஒதில் அக்காவின் காபிக் கோப்பை. நடுவே முதல் பாலம், அதற்கு மேலே வேலை நடக்கும் இடம், அதையும் தாண்டி இரண்டாவது பாலம். வேலை நடக்கும் இடத்தில் மெர்க்காதியேக்காக ஒரு பெருக்கல் குறி. ஒரு சைக்கிள்கூட வரவில்லையாம். சரி, பாதை அடைத்திருந்தால் சைக்கிளில் வருகிறவன் என்ன செய்வான்? முதல் பாலத்தில் மஞ்சள் பலகை வைத்திருப்பார்கள். மாற்றுப்பாதை, அம்புக்குறி, அக்கரைக்கு.

அண்ணா. மஞ்சள் பலகை.

உனக்கு நினைவிருக்கும். வேலை முடிந்து எடுக்க மறந்த பலகையைப் பார்த்து அப்பா ஊரைச் சுற்றி ஓட்டி, சித்தியின் கல்யாணத்துக்கே நாம் தாமதமாகப் போனோமே. அம்மா கத்தினாள்: "ரெஜிஸ், அங்க ஒரு வேலையும் நடக்கல, நேரா போ!" அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பலகை இருக்கா இல்லையா? இருந்தா திரும்பணும். பஸ் ஓட்டறவன் பலகையோட வாதம் பண்ணக் கூடாது." எது மறந்தாலும் அந்தக் கைகள் அதை மறக்காது.

பேனாவைப் பாலத்தின் மேல் அக்கரைக்குக் கொண்டு போனேன். அங்கிருந்து வடக்கே திருப்பினேன்.

ஆறு இடது கைப்பக்கம் வருகிறது.

அக்கரையில் என் சூத்திரம் தலைகீழ். அங்கே ஆறு இதயப் பக்கம் இருந்தால் வீட்டை விட்டுப் போகிறாய். அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருப்பதாக நினைத்துப் போய்க்கொண்டிருக்கிறார். களைத்து நிற்க ஒரு மேடு இல்லை. தடுத்து நிறுத்த ஒரு கார் இல்லை. சந்தேகம் வந்து திரும்பினாலும் ஆறு வலது பக்கம் வந்துவிடும். உடனே தன்னைத் திருத்திக்கொண்டு மறுபடியும் வடக்கே போவார். நான் அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மெர்க்காதியேக்கு அடித்தேன். மூச்சுவிடாமல் சொன்னேன். "எந்தப் பக்கம்? இதயமா? ஏம்மா, போன மாசம் எங்க வண்டி மேல பொம்மைக் குள்ளனை உக்கார வச்சு, 'நானும் ஒரு காவலர்தான்'னு எழுதி ஒட்டினது யாரு?" என்றார். அது வேறு குள்ளன் என்றேன். "சரி, சரி, குறிச்சுக்கறேன்" என்று வைத்துவிட்டார். குறிச்சுக்கறேன் என்று சொல்லும் வாத்தியார்களை எனக்குத் தெரியும்; அவர்கள் கையில் பேனா இருக்காது. அம்மா எடுக்கவில்லை. போனை மெர்க்காதியேயின் வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாளோ என்னவோ.

பெர்னோ தாத்தாவைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறேன். குறுக்கெழுத்தோடு வந்திருக்கிறார். "நீ போ. நான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்" என்கிறார். நல்ல மனிதர்.

உன் சைக்கிளை எடுக்கிறேன். தொட்டால் கையை ஒடிப்பேன் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. மேலே வந்து ஒடி.

*

புதன், சாயங்காலம்.

அண்ணா, அதே மேசை, அதே பேனா.

நேற்று விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். முதல் பாலத்தில் மஞ்சள் பலகை இருந்தது. அக்கரைக்கு ஏறி வடக்கே திரும்பினேன். உன் சைக்கிளின் சீட்டு எனக்கு உயரம், நின்றுகொண்டே மிதித்தேன்.

நம் பாதையைப் பற்றிச் சுற்றுலா விளம்பரத்தில் 'கார் இல்லாத அமைதியான சாலை' என்று போடுகிறார்கள். கேட்பதற்கும் ஆள் இல்லாத சாலை என்று போடுவதில்லை. 'பழுப்புச் சட்டை, நரைமுடி, மணி அடித்துக்கொண்டே போவார், பார்த்தீர்களா?' என்று மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். யாரிடம் கேட்பது? கொக்கிடமா? நேராக ஒரு கோடு, அதன் முனை புகையில் கரைகிறது, அந்த முனையில் எப்போதும் ஏதோ ஒன்று அப்பாவைப் போலத் தெரிகிறது. பக்கத்தில் போனால் குப்பைத் தொட்டி. பக்கத்தில் போனால் படகு கட்டும் கம்பம். தண்ணீரில் எதுவும் தெரிந்துவிடக் கூடாதே என்று ஆற்றின் பக்கம் நான் பார்க்கவே இல்லை. இதயப் பக்கம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன்.

இரண்டாவது பாலத்தின் அக்கரை முனையில், போலீஸ் கேட்டிராத தார் வேலை ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். 'இங்கே பாலம் ஏறித் திரும்பவும்' என்று அம்புக்குறியோடு மஞ்சள் பலகை நின்றது. கேட்டேன். ஒருவர், "காலையில ஒருத்தர் மணி அடிச்சிட்டுப் போனாரே, நாங்ககூடக் கையாட்டினோம்" என்றார். பலகை இருந்தும் ஏன் திரும்பவில்லை என்று கேட்டதும் அவர் மற்றவரைப் பார்த்தார். மற்றவர் பூட்ஸைப் பார்த்தார். "பலகை அப்போ வேன்லதான் இருந்துச்சு, பொண்ணு. சாப்பிட்டு வந்து வைக்கலாம்னு விட்டுட்டோம்."

சாப்பாட்டு நேரம் சாப்பாட்டு நேரம்தான். அதில் குற்றம் சொல்ல நம் ஊரில் யாருக்கும் வாய் வராது. நான் பெடலில் ஏறினேன். சொன்னால் அழுகை வரும். அழுதுகொண்டு மிதித்தால் வழி தெரியாது.

அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. முதலில் சாலையில் ஒரு கறை பார்த்தேன். பிறகு இன்னொன்று. பிறகு அவரை.

நடந்துகொண்டிருந்தார். முன்சக்கரம் பஞ்சர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஷூவைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, காலுறையோடு. காலுறை என்று சொல்வது வெறும் பேச்சுக்கு; பாதியில் தோலும் போயிருந்தது. டயர் போன இடத்திலிருந்து அப்படியே நடந்திருக்கிறார், ஆற்றை இதயப் பக்கம் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக, வீட்டை விட்டு வீட்டுக்கு.

"அப்பா" என்றேன். மணியடித்து வழிவிட்டார். முன்னால் போய் நின்றேன். என்னை நன்றாகப் பார்த்தார், அண்ணா. மிகவும் மரியாதையாகப் பார்த்தார்.

"என்னம்மா, பஸ்ஸை விட்டுட்டியா?"

எனக்கு வாயில் எப்போதும் ஒரு பதில் இருக்கும், தெரியுமல்லவா. "ஆமா டிரைவர் சார், பஸ்தான் என்னை விட்டுடுச்சு" என்றேன். அவர் சிரித்தார். "கவலைப்படாத, எங்க வீடு பக்கம்தான். என் பொண்ணு இருப்பா. உன் வயசுதான்."

வீடு இந்தப் பக்கம் இல்லை, திரும்ப வேண்டும் என்று மெல்லச் சொன்னேன். சைக்கிளைப் பிடித்துத் திருப்பவும் பார்த்தேன். அப்போதுதான் முகம் மாறியது. கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். "அந்தப் பக்கம் போனா ஆறு தப்புக் கையில வரும். இதயப் பக்கம் இருந்தாத்தான் வீடு. என் மக சொல்லியிருக்கா."

"உங்க மக பெரிய வாலாமே சார். ஊரையே ஏமாத்துவாளாமே."

"ஊரை ஏமாத்துவா" என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. "என்னை ஏமாத்த மாட்டா."

நான் சொல்வதை நம்பவில்லை, நான் சொன்னதை நம்புகிறார்.

உன் சைக்கிள் பையில் ஒரு புது ட்யூப் இருந்தது, நீ வாழ்க. எனக்கு மாற்றத் தெரியாது. அவர் கையில் கொடுத்தேன். தன் பெயர் என்ன என்று கேட்டால் யோசிக்கிற மனிதர், நான் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் டயரைப் பூட்டிவிட்டார். அதற்குள் அம்மாவுக்கு அடித்தேன். அம்மாவின் போனை மெர்க்காதியே எடுத்தார். எடுத்து, நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். பிறகு, "எங்க வரணும், நீயே சொல்லும்மா" என்றார்.

ஆற்றோரம் கார் வர வழியில்லை. பின்னால் இருக்கும் பாலத்துக்குத் திரும்ப அப்பா சம்மதிக்க மாட்டார். ஆகவே வீட்டை விட்டு இன்னும் தள்ளி, வடக்கே, மூன்றாவது பாலத்துக்குப் போவது என்று முடிவு செய்தேன். அதில் ஏறி நம் கரைக்கு வந்து தெற்கே திரும்பினால் ஆறு மறுபடியும் இதயப் பக்கம். அவருடைய கணக்கும் சரி, உலகத்தின் கணக்கும் சரி. ஆனால் அந்தப் பாலத்தில் காரைப் பார்த்தால் ஏறுவாரா? ஏற மாட்டார். அம்மா கெஞ்சினாலும் மாட்டார், சீருடையைப் பார்த்தால் இன்னும் மாட்டார். வீடு வரவில்லையே, எதற்கு இறங்க வேண்டும்? அந்தக் காலோடு இருட்டில் அத்தனை தூரம் மிதித்தே தீருவார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனைகள்தான் எனக்கு எப்போதும் வருமே. பெர்னோ தாத்தாவுக்கு அடித்தேன்.

பாலத்தைத் தாண்டி நம் கரையில் இறங்கும் இடத்தில் ஒரு கல்தூண் உண்டு. நாங்கள் வந்தபோது அதன்மேல் சிவப்புத் தொப்பியோடு குள்ளன் உட்கார்ந்திருந்தான். பெர்னோ அவனை முன்சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டுக் கொண்டுவந்தாராம். அம்மாவையும் மெர்க்காதியேயையும் மரத்துக்குப் பின்னால் நிற்கச் சொல்லியிருந்தேன்.

அப்பா பிரேக் பிடித்தார். இறங்கினார். குள்ளனின் தலையில் இரண்டு தட்டு. பிறகு என் பக்கம் குனிந்து, "இது என் மக வச்சது. திருட்டுச் சாமான். வெளிய சொல்லிடாத" என்று கிசுகிசுத்தார். அம்மா வந்து தோளைப் பிடித்து உள்ளே வாங்க என்றாள். திறந்திருந்த கார்க் கதவைத் தோட்டக் கதவு என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தார்.

நான் செய்த குறும்புகளிலேயே நன்றாகப் பலித்தது அதுதான். யாரும் சிரிக்கவில்லை. மெர்க்காதியே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது பெர்னோவின் வண்டி இன்னும் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது. நம் தூண் காலியாக இருந்தது. அப்பா காலியான தூணைப் பார்த்தார். "இது எங்க வீடு இல்ல" என்றார். அவர் கட்டிய வீடு, அவர் நட்ட செர்ரி மரம், அவர் பெண்டாட்டி கையைப் பிடித்து இழுக்கிறாள். காலில் ரத்தத்தோடு வாசலிலேயே நின்றார். குள்ளன் வந்து தூணில் ஏறிய பிறகுதான் உள்ளே வந்தார். வரும்போது குள்ளனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடி மட்டும் நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாமலேயே இருந்திருக்கலாம்.

இன்று காலை ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு தோட்டக் கதவு வரை போனார். குள்ளனின் தலையைத் தட்டவில்லை. இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

சைக்கிளுக்கு அம்மா சங்கிலி போட்டுவிட்டாள். சாவி அவள் கழுத்தில். நான் அவளைக் குறை சொல்லவில்லை; நேற்று தண்ணீரில் இறங்குகிற ஆட்கள் ரப்பர் உடுப்பு மாட்டுவதை அவள்தான் நின்று பார்த்தாள். இப்படிப்பட்டவர்களைப் பூட்டிப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் இடம் இருக்கிறதாம். நல்ல இடம் என்கிறாள். சுத்தமாம், சூப் நன்றாக இருக்குமாம், ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியுமாம். எந்தக் கரை என்று கேட்டேன். அக்கரை.

அண்ணா, அந்த வாசலிலிருந்து என்றைக்காவது ஒருநாள் அவர் நழுவி வெளியே வந்தால், அவருக்குத் தெரிந்த ஒரே வழி அவரை நம்மை விட்டுத்தான் கூட்டிக்கொண்டு போகும். புது சூத்திரம் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். அம்மா என் தலையை வருடினாள். அறைவதைவிட அது மோசம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் நீ வரட்டும் என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். "பாஸ்தியான் வரட்டும். அவன் பார்த்துட்டுச் சொல்லட்டும். அவன் சொன்னா நான் கேக்கறேன்" என்று இருக்கிறாள். ஆகவே நீ கரையேறியதும் அம்மாவின் போன் முதலில் வரும். அவள் குரலைக் கேட்டால் எதற்கும் சரி என்றுதான் சொல்லத் தோன்றும். அதற்கு முன் இதைப் படி. போனில் ஒன்றும் சொல்லாதே. நேரில் வா. வந்து ஒரே ஒரு காலை அவர் பின்னால் மிதித்துப் பார், மொந்த்ரே வரை, காபி வரை. பிறகு என்ன வேண்டுமானாலும் சொல். உன் விடுப்பு முழுக்க நீயும், விடுமுறை முழுக்க நானும் முன்னும் பின்னுமாகப் போனால் போதாதா? போதாது என்று எனக்கும் தெரியும். பள்ளிக்கூடம் திறக்கும், உன் கப்பல் மறுபடி மூழ்கும். இருந்தாலும் அம்மாவிடம் உன் வாயால் 'இப்போது வேண்டாம்' என்று சொல், அதைத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. நீயும் நானும் அவர் எதிரில் சேர்ந்து நிற்க வேண்டும், தோளோடு தோள், அந்தப் பழைய போட்டோவில் நிற்பது போல. என்னைத் தனியாகப் பார்த்தால் பஸ்ஸை விட்ட பெண் என்கிறார். இரண்டு பேராக நின்றால் நம்மில் ஒருவரையாவது பிடித்துவிடுவார். அது நீயாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்குப் பொறாமை வராது. வந்தாலும் காட்டமாட்டேன்.

இந்த வாரத்து நாற்பது சொல் செய்தியை இப்படி அனுப்பியிருக்கிறேன்: 'அப்பா நேற்று வழக்கத்தைவிட அதிக தூரம் போனார். நானும் உன் சைக்கிளில் போனேன். பஞ்சரான சக்கரத்துக்கு அவரே ட்யூப் மாற்றினார். பெர்னோவும் குள்ளனும் காரில் வந்தார்கள். எல்லோரும் வீடு திரும்பினோம்.' ஒரு பொய்கூட இல்லை. வெட்டுவதற்கு அவர்களுக்கு ஒரு சொல்கூடக் கிடைக்காது. அங்கே கடலுக்கடியில் நீ இதைப் படித்துச் சிரித்திருப்பாய். சிரித்ததற்காக வருத்தப்படாதே, சிரிக்கத்தான் எழுதினேன்.

ரயிலில் வருகிறாய் என்றால் வடக்கே ஒரு நிலையம் முன்னதாக இறங்கு. உன் சைக்கிளை மொந்த்ரேயில் ஒதில் அக்காவிடம் விட்டு வைக்கிறேன். அங்கிருந்து நம் கரையில், ஆற்றை உன் இதயப் பக்கம் வைத்துக்கொண்டு நேராக வா. எங்கேயும் திரும்ப வேண்டாம், எந்தப் பலகையையும் பார்க்க வேண்டாம். இன்று மதியம் பெர்னோ தாத்தாவும் நானும் சிமென்ட் குழைத்துக் குள்ளனைத் தூணோடு இறுக்கிவிட்டோம். இன்னும் ஈரம் காயவில்லை. அப்பா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீ வரும்போது அவன் அங்கேயே இருப்பான், அண்ணா. இனி அவனை நான் எங்கேயும் நகர்த்த மாட்டேன்.

உன் தங்கை,
ஸெலி